சிக்கு விழாத கூடை

பார்த்தசாரதி கோயில் குளத்தில் மீன் வாழாது என்று திருவல்லிக்கேணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஏதோ ஒரு முனிவரின் சாபமாம். அது நிஜமா என்று ஆராயும் வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இன்று நமக்கு மீன் இருக்கிற இடம்தான் வேண்டும், அது ஒன்றும் தூரமில்லை. கோயிலிலிருந்து கிழக்கே நடந்து, காமராஜர் சாலையைக் கடந்தால் மணல், மணலைத் தாண்டினால் வங்காள விரிகுடா. கரையை ஒட்டி அயோத்தியாகுப்பம், மாட்டாங்குப்பம், நடுக்குப்பம், இன்னும் தெற்கே நொச்சிக்குப்பம்.

காலையில் போனால் அங்கே மீன் விற்பதைப் பார்க்கலாம். ஆனால் பெரியவர்கள் துணையோடு ஒரு மாலையில் போய்ப் பாருங்கள். மறுநாளைக்கு வேண்டிய சாமானை எடுத்துவைக்கும் நேரம் அது. அப்படி ஒரு மாலையில் ஒரு தாத்தா கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கயிற்றை வளைய வளையமாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். கயிற்றில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகத் தூண்டில் முள் தொங்கியது. ஒவ்வொரு முள் வரும்போதும் நிறுத்தி, அதைக் கூடையின் விளிம்பில் குத்தினார். அடுத்த முள்ளை அதற்குப் பக்கத்தில். அதற்கடுத்ததை அதற்கும் பக்கத்தில்.

என்னோடு வந்த பையனுக்குப் பொறுக்கவில்லை. “ஏன் தாத்தா, அப்படியே அள்ளிப் போட்டா ஆவாதா?”

“அங்க போயி சிக்கு எடுத்துக்கினு குந்தினா மீனு எப்ப புடிக்கிறது நைனா? சிக்கக் கரையிலயே வுட்டுட்டுப் போவணும்.”

மீன் பிடிப்பது எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சாமானை எடுத்துப் போவது எப்படி என்று எழுதுவார் இல்லை. என்னைக் கேட்டால் அறிவியல் அதிகமாக ஒளிந்திருப்பது இந்த இரண்டாவதில்தான்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம். மெரினாவில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவை இன்னும் பெருகின. ஃபைபர் வருவதற்கு முன்பு இந்தக் கரையில் ராஜா கட்டுமரம்தான். எடை குறைந்த மரக்கட்டைகள் சிலவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் இறுக்கினால் கட்டுமரம், அவ்வளவே. ஆணி கிடையாது. படகு மிதப்பது அதன் குழிவால். குழிவில் தண்ணீர் நிறைந்தால் மூழ்கிவிடும். கட்டுமரம் மிதப்பது வேறு கதை. அந்த மரமே தண்ணீரைவிட லேசு. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியாக அப்படியே கீழே இறங்கிவிடும். நிரம்புவதற்குக் குழிவே இல்லாதபோது அது எப்படி மூழ்கும்? சென்னைக் கரையில் அலை எழும்பி உடையும் இடத்தைத் தாண்டிப் போக இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். கட்டுமரத்தில் அறை இல்லை, தட்டு இல்லை, பக்கச்சுவர்கூட இல்லை. காய்ந்த இடம் என்று ஒரு சாண்கூட இல்லை. அங்கே கட்டாமல் வைத்த பொருள் கடலுக்குக் கொடுத்த பொருள். துடுப்பு, பாய், தூண்டில் கூடை, மீன் போடும் பறி, குடிதண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒரு கயிறு பிடித்திருக்க வேண்டும்.

நனையவே கூடாத ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தால்? சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் அப்படி ஒரு வேலை இருந்தது. கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள், 1881 புயல் அதைச் சிதைத்தது, பிறகு மறுபடியும் கட்டினார்கள். அதுவரை கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதம் கொண்டுபோனவர்களில் கட்டுமரக்காரர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் தலையில் நீர் புகாத கூம்புத் தொப்பி இருக்கும், கடிதம் அதற்குள். அலையில் விழுந்தாலும், நீந்த வேண்டி வந்தாலும், மனிதனின் உடம்பில் கடைசியாக நனையும் இடம் உச்சந்தலைதானே! அன்றைய பயணிகளின் குறிப்புகளிலும் ஓவியங்களிலும் இந்தத் தொப்பியைப் பார்க்கலாம்.

கட்டுமரம் கிளம்பும் நேரமும் சாமான் அடுக்கும் முறையைத் தீர்மானிக்கிறது. பகலில் மணல் சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகத்தான் சூடேறும். தரைக்கு மேலே உள்ள காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும். மெரினாவில் நீங்கள் வாங்கும் கடற்காற்று அதுதான். இரவில் நிலைமை தலைகீழ். தரை சீக்கிரம் ஆறிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, அதனால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். பாய் கட்டிய கட்டுமரம் விடியுமுன் தரைக்காற்றில் போய், பகலில் கடற்காற்றில் திரும்பும். அப்படியானால் கிளம்பும் நேரம் இருட்டு. எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், அது தினமும் அதே இடம். இதைப் பழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இருட்டில் வேலை செய்பவருக்கு அதுதான் கண்.

இப்போது கூடைக்கு வருவோம்.

தாத்தா அடுக்கியது நீண்ட கயிற்றுத் தூண்டில். தென்கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்கள். ஒரு நீளமான தாய்க்கயிறு, அதிலிருந்து இறங்கும் சின்னச் சின்னக் கிளைகள், கிளை ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முள். கடலில் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே இது கூடையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போக வேண்டும். நடுவில் எங்காவது சிக்கு விழுந்தால் இரண்டு மூன்று முட்கள் ஒன்றாக எழும்பும். பக்கத்தில் இருப்பது மனிதக் கை.

கயிறு ஏன் சிக்குகிறது? நாம் கவனமாகத்தானே வைக்கிறோம்? பையில் போட்ட இயர்போன் ஒயரை வெளியே எடுக்கும்போது உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் 2007-ல் இதைச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டுப் பெட்டியைச் சில விநாடிகள் உருட்டினார்கள். திறந்து, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். மறுபடியும், மறுபடியும், மொத்தம் 3,415 தடவை! கயிறு சுமார் 46 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் முடிச்சே விழவில்லை. அதற்கு மேல் நீளம் ஏற ஏற, முடிச்சு விழும் வாய்ப்பு கிடுகிடுவென ஏறியது. நல்ல நீளக் கயிறுகளில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு தடவை முடிச்சு. அதுவும் ஒரே மாதிரி முடிச்சில்லை, 120 வகை. சிரிக்க வைத்துவிட்டுப் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2008-ல் இவர்களுக்குக் கிடைத்தது.

அவர்கள் கண்ட காரணம் எளிமையானது. பெட்டிக்குள் கயிறு வளைய வளையமாகப் படுத்திருக்கிறது. அதன் முனை மட்டும் கட்டப்படாமல் சும்மா கிடக்கிறது. குலுக்கும்போது அந்த முனை பக்கத்து வளையத்துக்கு மேலே ஒரு தடவை, அடுத்ததற்குக் கீழே ஒரு தடவை என்று நுழைந்து நுழைந்து வெளிவருகிறது. சடை பின்னும் கை செய்வதும் இதுதான். சிக்காமல் இருக்க ஒரே ஒரு வழி, சிக்கிக்கொள்ளவோ ஆயிரம் வழி. கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினால் ஆயிரத்தில் ஒன்று வருமா, ஒன்றே ஒன்று வருமா?

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு செருப்புப் பெட்டி, 30 செ.மீ. நூல் ஒன்று, இரண்டு மீட்டர் நூல் ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெட்டியில் போட்டு, மூடி, பத்து எண்ணும் வரை குலுக்குங்கள். முனைகளை மெல்ல இழுத்து முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருபது தடவை செய்து நோட்டில் குறியுங்கள். பிறகு அதே இரண்டு மீட்டர் நூலின் இரு முனைகளையும் பெட்டியின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டுக் குலுக்குங்கள். வித்தியாசம் தெரியும்.

அந்த டேப்பின் வேலையைத்தான் கூடை விளிம்பு செய்கிறது. ஒவ்வொரு முள்ளையும் விளிம்பில் குத்தும்போது கிளைகளின் முனைகள் அத்தனையும் பூட்டப்பட்டுவிடுகின்றன. நுழைந்து திரிய ஒரு முனைகூட மிச்சமில்லை. கூடைக்குள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும் கயிறு மேலே இருந்து வரிசையாக அவிழும். கடைசியாக உள்ளே போன வளையம் முதலில் வெளியே வரும். கணினிப் பாடத்தில் இதே ஏற்பாட்டுக்கு ‘அடுக்கு’ என்று பெயர் வைத்து, பல பக்கங்களுக்குச் சொல்லித் தருவார்கள். தாத்தா அதைக் கூடையிலேயே படித்திருக்கிறார். எதை முதலில் கடலில் இறக்க வேண்டுமோ அதைக் கடைசியில் வைக்க வேண்டும். அதாவது சாமான் அடுக்குகிறவர் நாளைய வேலையைப் பின்பக்கமாக நினைத்துப் பார்க்க வேண்டும்!

கரையில் நின்று கிழங்கான் பிடிக்கிற பையன்களிடம் இவ்வளவு பெரிய கூடை இருக்காது. ஒரு கட்டையிலோ காலி பாட்டிலிலோ தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாட்டிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு அதன் தலைப்பக்கமாக நரம்பை உருவினால், ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். பாட்டிலை உருட்டி நரம்பை வெளியே விட்டால் முறுக்கு ஏறாது. அட்டையில் சுற்றிய பட்டையான ரிப்பனை இரண்டு விதமாகவும் உருவிப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும். முறுக்கேறிய நரம்பு தளர்ந்ததும் தானாகச் சுருண்டு கொள்ளும், சிக்கின் பிள்ளையார் சுழி அதுதான். கயிற்றை வட்டமாகச் சுற்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எட்டின் ஒரு பாதி வலப்பக்கம் முறுக்கினால் மறு பாதி இடப்பக்கம் முறுக்கும், இரண்டும் கழிந்து கணக்கு நேராகிவிடும்.

இந்த நரம்பு நைலான். 1935-ல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கியது. அது வருவதற்கு முன் நம் கரையில் பருத்தி நூலும் சணல் நூலும்தான். அவை கடல்நீரில் அழுகும் என்பதால் மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பட்டையின் துவர்ப்புச் சத்து நுண்ணுயிர்களைத் தள்ளி வைக்கும். நைலான் அழுகாது. ஆனால் அதற்கு ஞாபகசக்தி அதிகம். நீண்ட நாள் வளையமாகச் சுற்றி வைத்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் அந்த வளைவிலேயே படிந்துவிடும். பிரித்தாலும் ஸ்பிரிங் மாதிரியே நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்து மெல்ல இழுத்து நீட்டினால் பெருமளவு மறந்துவிடும்.

அடுத்து எடை. முள்ளை அடிக்கு இறக்க ஈயக் குண்டு கட்டுவார்கள். முன்பு கல்லும் சுட்ட மண்குண்டும் இருந்தன. ஈயத்துக்கு ஏன் மாறினார்கள்? 100 கிராம் கல் சுமார் 37 கன செ.மீ. இடம் பிடிக்கும். 100 கிராம் ஈயத்துக்கு 9 கன செ.மீ. போதும். பையில் மிச்சமாகும் இடம் ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீருக்குள் போனதும் எந்தப் பொருளும் தான் ஒதுக்கிய தண்ணீரின் எடை அளவுக்கு லேசாகிவிடும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. எனவே 100 கிராம் கல் கடலுக்குள் 62 கிராம்போலத்தான் இழுக்கும், ஈயமோ 91 கிராம்போல இழுக்கும். சிறிதாக இருப்பதால் நீரோட்டமும் அதை அவ்வளவு தள்ளாது. ஆனால் ஈயம் விஷம். பிளந்த குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் அதைச் செய்யவே கூடாது. குண்டுகளுக்குத் தனி டப்பா வேண்டும், சாப்பாட்டுப் பைக்குள் அது போகக் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முள்ளைப் பற்றி ஒரு சிறு சேதி. ஜப்பானின் ஒகினாவா தீவில் ஒரு குகையில் கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முள் கிடைத்தது. அதன் வயது சுமார் 23,000 ஆண்டுகள். அதைச் செய்தவர்கள் எதில் வைத்து எடுத்துப் போனார்கள் என்றுதான் எனக்கு யோசனை. இன்றைய முள்ளில் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக ஒரு குட்டி முள் இருக்கும். உள்ளே போக வழி விடும், திரும்பி வர விடாது. மீனுக்கும் அப்படித்தான், விரலுக்கும் அப்படித்தான். ஆகவே முள் ஒருநாளும் பைக்குள் சும்மா கிடக்கக் கூடாது. ஒரு தெர்மாகோல் துண்டிலோ, பழைய ரப்பர் செருப்புத் துண்டிலோ குத்தி வைத்தால் போதும்.

சரி, மீன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது கெடாமல் இருக்கப் பனிக்கட்டி வேண்டும். அந்தக் கதைக்குத் திருவல்லிக்கேணிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. காமராஜர் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்று வட்டமான முகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறதே, அதற்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் முதல் பெயர். சுற்றுவட்டாரத்துக்கே இன்றும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. அந்தக் கட்டடத்தை ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் நிறுவனம் 1842-ல் கட்டியது. பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்துக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இங்கே கொண்டுவந்து விற்றார்கள். சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது. நான்கு மாதப் பயணம், வெப்ப மண்டலத்தை நடுவில் தாண்ட வேண்டும். 1833-ல் இவர் அனுப்பிய கப்பல் ஒன்று முதன்முதலாகக் கல்கத்தாவுக்குப் போனபோது சுமார் 180 டன் பனிக்கட்டி ஏற்றினார்கள், 100 டன் அளவுக்குப் போய்ச் சேர்ந்தது.

உருகாமல் காத்தது மரத்தூள். அதன் இடுக்குகளில் அடைபட்ட காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. இன்று மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டியும் அதே தந்திரம்தான். அதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று, மிச்சம்தான் பிளாஸ்டிக். பனிக்கட்டிக்கு இன்னொரு பலமும் உண்டு. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே தண்ணீராக மாற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அந்த வெப்பத்தை வைத்து அதே ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். பெட்டிக்குள் நுழையும் வெப்பம் எல்லாம் இந்த வேலையிலேயே செலவாகிப் போகும், மீனுக்கு வந்து சேராது.

பெரிய கட்டியாக எடுத்துப் போவதா, நொறுக்கி எடுத்துப் போவதா? 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 600 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. துண்டுகளாக்கினால் மொத்தம் 6,000 சதுர செ.மீ. மேற்பரப்பு பத்து மடங்கானால் குளிர்ச்சி சீக்கிரம் மீனில் இறங்கும், பனியும் சீக்கிரம் கரையும். அதனால் போகும்போது கட்டியாகவே கொண்டுபோய், மீன் விழுந்த பிறகு அங்கேயே உடைப்பதுதான் புத்திசாலித்தனம். நொறுக்கிய பனியில் ஒரு வரிசை, மீன் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கினால் மீனை அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் குளிரில் மந்தமாகிவிடும். சூரையும் வஞ்சிரமும் வெயிலில் கிடந்தால் எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் என்று உங்கள் வீட்டில் மீன் வாங்குகிறவர்களைக் கேளுங்கள்.

திரும்பி வந்ததும் வேலை முடியவில்லை. கட்டுமரக்காரர்கள் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்த கட்டை கனக்கும், அப்படியே விட்டால் மறுநாள் அமிழ்ந்து மிதக்கும். பிரித்த கட்டைகளைத் தூக்கிப் போவதும் சுலபம். சாமான் அடுக்கும் கலையில் வண்டியையே பிரித்து அடுக்குவது இவர்களுக்குத்தான் கைவந்தது.

அறுந்த நரம்பை மணலில் போட்டுவிட்டு வரக் கூடாது. அழுகாத பொருள் என்பதால் அது பல காலம் அங்கேயே கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் துடுப்புக்கால்களில் சுற்றிக்கொள்ளும். அறுந்த துண்டுகளுக்கு என்றே பையில் ஒரு சிறு டப்பா வைத்து, வீட்டில் சின்னச் சின்னதாக நறுக்கிக் குப்பையில் போட வேண்டும்.

கடைசியாக முட்களை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உப்புக் கரைந்த ஈரத்தில் மின்னேற்றத் துகள்கள் வேகமாக ஓடும், அதனால் இரும்பு துருப்பிடிப்பதும் வேகமாகும். வீட்டில் மூன்று இரும்பு ஆணிகளைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். மூன்றையும் உப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள். மூன்றாவதை அலசித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்து, எது எந்த நாளில் சிவந்தது என்று நோட்டில் குறியுங்கள்.